எட்டாவது முத்திரை

"தலைய நேரா புடிங்க" என்று ஏனோக் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டினார்கள். அம்மா ஈரக் கையோடு அன்புச்செல்வியிடம் பிஸ்கட் டப்பாவைத் திணித்தாள்.

"அடகுக் கடைக்குப் போயி தாலிச் செயின வாங்கினு வா. ஒரு தபா கழுத்துல போட்டுக்கினு உங்கப்பன் பக்கத்துல உக்காந்துக்கறேன். அப்பறம் எடுக்கட்டும்."

"இப்பவாம்மா?"

"வேற எப்ப? கருமாதிக்கு அப்பறம் எனக்கு இன்னாத்துக்கு அது?"

அப்பாவோடு ஒரே சுரங்க ஷாஃப்டில் இறங்கிய ஏனோக் மாமா திரும்பிப் பார்த்தார். "போய்ட்டு வாம்மா. உங்கப்பன் காத்தவராயன் எந்த ஷிஃப்டுக்கு டைமுக்குப் போனான்? இன்னும் ஒரு மணி நேரம் இருப்பான்."

டப்பாவில் எட்டு அடகுச் சீட்டுகள். சுரங்கத் தூசி அப்பாவின் நெஞ்சை அடைத்த வருடம், ஆஸ்பத்திரிக்காக நாற்பதாயிரத்துக்கு வைத்த செயின். வருடா வருடம் ஆறாயிரம் கட்டுவார். சீட்டில் சிவப்பாக 'க்ளோஸ்ட்' என்று முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அதுதான். சுரங்கத்தை மூடியபோது கேட்டில் மாட்டிய பலகையின் முன் நாள்கணக்கில் நின்று கற்றுக்கொண்டது. "அந்த எழுத்த போட்டுட்டா அவ்ளோதான், எவன் வந்தாலும் தெறக்க மாட்டான்" என்பார். போன வாரம் எட்டாவது முத்திரையை வாங்கி வந்து, கடன் தீர்ந்தது என்று தெருவெல்லாம் காட்டினார். வேலைக்காக விடியுமுன் பெங்களூரு ரயிலுக்கு ஓடும் அன்புச்செல்வி அந்த டப்பாவைத் திறந்து பார்த்ததே இல்லை.

கடையில் கணக்கு எழுதும் விநாயக் சீட்டுகளைத் தள்ளி வைத்தான்.

"இதெல்லாம் பழசு அக்கா. பழைய சீட்ட க்ளோஸ் பண்ணாத்தான் புதுசு போட முடியும். அவரு கட்டினதுல வட்டிக்குப் பத்தாதது அசல்ல ஏறிக்கும்."

"புதுசு எங்க?"

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தான். "கைநாட்டு வெச்சாரு. சீட்ட எடுத்துக்கோன்னா சிரிக்கறாரு. 'முடிஞ்சி போச்சே, இது எனக்கெதுக்கு? நல்ல நாள்ல பொண்டாட்டியக் கூட்டினு வந்து செயின வாங்கிக்கறேன்'னாரு. நான் இன்னா பண்றது?"

"எவ்ளோ கட்டணும்?"

"ஒரு லட்சத்தி எட்டாயிரம்."

"வாங்கினது நாப்பதாயிரம்ப்பா."

"பயப்படாதீங்க. தங்கம் ஏறினே இருக்குது. பொருள் கடனத் தாங்கும்."

"அவரு காலைல செத்துட்டாரு. ஒரு மணி நேரத்துக்குக் குடு. அம்மா கழட்டினதும் கொண்டாந்துடறேன்."

விநாயக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓனர் ஊர்ல இல்லக்கா" என்றான்.

அவள் திரும்பியபோது அப்பாவுக்கு மாலை போட்டிருந்தார்கள். அம்மா அவர் தலைமாட்டில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. செயின் வரப்போகிறதென்று, எட்டு வருடமாகக் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைத் தானே அறுத்து மடியில் வைத்திருந்தாள்.

மகளின் கைகளைப் பார்த்தாள். கயிற்றை எடுத்து நீட்டிவிட்டுக் குனிந்தாள்.

அன்புச்செல்வி பின்னால் மண்டியிட்டாள். வியர்வையில் ஊறிப்போன நூல் முடிச்சில் நழுவியது. மூன்றாவது தடவை நின்றது.

"எடுங்கண்ணா" என்றாள் அம்மா, ஏனோக் மாமாவைப் பார்த்து. முடிச்சு தின்றதில் கயிறு குட்டையாகியிருந்தது. அவள் எச்சில் விழுங்கியபோது தொண்டையோடு சேர்ந்து ஏறி இறங்கியது.