காசிமிரோவின் காது

அன்செல்மோவின் வலது கை செத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அரசாங்கத்துக்கு அந்தச் சாவுச் செய்தி இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

அறுந்த தந்திக் கம்பியைக் கட்டப் போன இடத்தில் கோவேறு கழுதை சறுக்கி அவனைப் பள்ளத்தில் தள்ளியது. அரசாங்க வேலையில்தான் கை போனது. ஆனால் கை போன தந்திக்காரனுக்கு அரசாங்கம் கொடுப்பது ஒரு கும்பிடு மட்டும்; அதை வைத்து அடுப்பு எரியாது. அதனால் அவன் மனைவி எர்மெலிந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் சோள ரொட்டி தட்டிக்கொண்டே கருவியின் கடகடப்பைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பாஷை அவளுக்கு எப்போதோ பாடமாகியிருந்தது. பட்டியலில் அவன் பெயர், கருவியில் அவள் விரல். சம்பளம் மாதம் முப்பது பேசோ. மாதா மாதம் வரும் என்று நினைக்க வேண்டாம்; வருகிற மாதம் முப்பது.

சான் தெல்மோ ஊருக்கே இது தெரியும். தெரிந்தும் யாரும் மூச்சு விடவில்லை. தந்தி நின்றால் காப்பி விலை தெரியாது, பிறகு தரகன் சொன்னதுதான் விலை.

அந்த முழுப் பூசணிக்காயை மறைத்து வைத்திருந்த சோற்றில் கையை விடத்தான் மேலதிகாரி டான் எலியோதோரோ மலையேறி வந்திருந்தார். அந்தத் தந்தித் தடத்தில் உள்ள ஒவ்வொரு தந்திக்காரனையும் தன் கண்ணெதிரே அடிக்கச் சொல்லிப் பார்த்து, 'தகுதி உண்டு' என்று அன்று நண்பகலுக்குள் தலைநகருக்கு அவர் தந்தி கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் தடம் முழுவதற்கும் மூன்று மாதச் சம்பளப் பாக்கி கிடைக்கும். பிந்தினால் பணம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். அந்தப் பாக்கியில் அவர் சம்பளமும் சேர்த்தி. அவர் பார்க்க வேண்டியதில் சான் தெல்மோதான் கடைசி நிலையம்.

"உட்காருப்பா, அடி பார்ப்போம்" என்றார்.

அன்செல்மோ உட்கார்ந்து இடது கையை நீட்டினான். வலது கை மேசைக்கடியில் மடியில் கிடந்தது.

"என்ன, பீச்சாங்கையா?"

"பொறவியிலேயே அப்படித்தாங்க ஐயா."

ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் கரண்டியைத் தட்டித் தட்டிப் பழகிய கை அது. எர்மெலிந்தா காப்பிக் கெண்டியோடு வாசற்படியில் நின்றாள். ஊற்ற வந்தவள் ஊற்ற மறந்து நின்றாள். அவன் அடிக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் கட்டைவிரல் கெண்டிப் பிடியை அழுத்தியது.

'சான் தெல்மோ. கம்பி நலம். மேலதிகாரி வந்திருக்கிறார்.'

ஒரு பிழை இல்லை. டான் எலியோதோரோ தலையை ஆட்டினார்.

"நத்தை மாதிரி இருக்கு. ஆனா சுத்தமா இருக்கு. பொழச்சுக்கிட்டே."

அன்செல்மோ திரும்பி மனைவியைப் பார்த்துச் சிரித்தான். விழுந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அப்போது கருவி கடகடத்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் வெர்தாலா நிலையத்தில் இருக்கும் காசிமிரோவின் பதில். தலைநகருக்குப் போகிற தந்தி எல்லாம் அவன் வாங்கி அனுப்பினால்தான் போகும். அறையில் இருந்த மூன்று பேருக்கும் அந்தப் பாஷை தெரியும்.

'யார் நீ? அன்செல்மோவை உட்காரச் சொல்.'

சமையலில் கைப்பக்குவம் போலத்தான் தந்தியிலும். அடிக்கிற வாகில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். காசிமிரோ இந்த இரண்டு வருடத்தில்தான் வெர்தாலாவுக்கு வந்தவன். அவன் எர்மெலிந்தாவை முகம் பார்த்ததில்லை. ஆனால் அவள் விரலோடு தினமும் பேசியிருக்கிறான். அதைத்தான் அன்செல்மோ என்று நினைத்திருந்தான். கையைப் பழக்கிய புருஷனும் பெண்சாதியும் காசிமிரோவின் காதை மறந்துவிட்டார்கள்.

அன்செல்மோ மறுபடி அடித்தான். 'நான்தான்.'

'நீ இல்லை. அவனை என்னடா செய்தாய், திருட்டு நாயே?'

டான் எலியோதோரோ கதவைச் சாத்தினார்.

"யாரு கை அது?"

அன்செல்மோவின் முகத்தில் ரத்தமே இல்லை. எர்மெலிந்தா கெண்டியைக் கீழே வைத்தாள்.

"என் கைதாங்க ஐயா. ரெண்டு வருஷமா."

அவர் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லம்மா. பட்டியல்ல புருஷன் பேரை வெட்டிட்டு உன் பேரைப் போட்டுர்றேன். பொம்பளைக்குப் பதினஞ்சு பேசோ. அதான் சட்டம்."

"வேலையும் பாதியா, ஐயா?"

"வேலை அதே வேலைதான்."

"பதினஞ்சுல அவரு வைத்தியத்தைப் பாக்கவா, மூணு பிள்ளைங்க வயித்தைப் பாக்கவா?"

"சட்டத்தை நானா எழுதினேன்? நகரு, மணியாச்சு" என்று சொல்லி அவரே கருவிமுன் உட்கார்ந்தார். பத்து வருடம் தந்தி அடித்த விரல்கள், மழைபோல விழுந்தன. 'தலைநகருக்கு அனுப்பு. மேலதிகாரி எலியோதோரோ.'

'இன்னொரு திருடனா? மேலதிகாரி என்று யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். தெரியாத கையிலிருந்து வாங்கினால் என் சம்பளம் போகும். அன்செல்மோவைக் கூப்பிடு.'

போன வருடம் கொள்ளைக்காரர்கள் பொய்த் தந்தி அடித்துக் கஜானாப் பெட்டியைத் தடம் மாற்றிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு, தெரியாத கையிலிருந்து தந்தி வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டவரே டான் எலியோதோரோதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அவர் இரண்டு முறை கெஞ்சி அடித்தார். காசிமிரோ கருவியைத் தொடவே இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் நண்பகலுக்கு அதிக நேரம் இல்லை.

"வாம்மா, வந்து அடி."

எர்மெலிந்தா கைகளை மார்பில் கட்டிக்கொண்டாள்.

"முப்பதுக்குன்னா அடிக்கிறேன்."

"மெரட்டுறியா? உன் காசிமிரோ சம்பளமும் இதுல போகும், தெரியுமா?"

"தெரியும்யா. அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு." அவள் குரல் உடைந்தது. ஆனால் கை அவிழவில்லை.

அன்செல்மோ வாய் திறந்தான். "எர்மி, வேணாம்..."

"நீங்க சும்மா இருங்க."

டான் எலியோதோரோ கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"பொம்பளை பேருக்கு முப்பது போட முடியாதும்மா. என் வேலையே போயிரும். வேணும்னா... நான் எதையும் பாக்கல. பட்டியல்ல உன் புருஷன் பேரே இருக்கட்டும். முப்பது வரும். ஆனா நீ இங்க இல்ல. சாகுற வரைக்கும் இல்ல. சம்மதமா?"

அவள் உட்கார்ந்தாள். இரண்டு எழுத்து அடிப்பதற்குள் எதிர்முனை துள்ளியது.

'அன்செல்மோ! எங்கே போய்த் தொலைந்தாய்? எவனோ ஒரு தடியன் உன் நாற்காலியில்!'

அன்செல்மோ ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டான்.

டான் எலியோதோரோ சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். 'சான் தெல்மோ தந்திக்காரர் அன்செல்மோ ருவேதா. நேரில் பார்த்தேன். தடத்திலேயே சிறந்த கை.' அந்தக் கடைசி வாக்கியத்தை அவராகவே சேர்த்தார், அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து.

'சிறந்த' என்ற சொல்லில் அவள் விரல் தடுக்கியது. இரண்டு வருடத்தில் முதல் தடுக்கல்.

காசிமிரோ உடனே நிறுத்தினான். 'யார் அது?'

கடிகார முட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. தன் பெயரை அடிக்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒருமுறை, ஒரே ஒரு ஆளுக்கு.

"சொல்லிடு எர்மி" என்றான் அன்செல்மோ, திரும்பாமலே.

அவள் அடித்தாள். 'நான்தான். அன்செல்மோ.'

இந்த முறை விரல் தடுக்கவில்லை. காசிமிரோ நம்பினான்.