தொட்டால் வலிக்கும் உடம்பு

சீனாவின் லுவோயாங் நகரில் டிராக்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அதன் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்த தெகுய்க்கு, தன் மனைவிக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று தோன்ற ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

மனைவி மியாவ்ஃபென் மழலையர் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள். தினமும் இருநூறு பிள்ளைகளுக்கு மாவு பிசைந்த கை. முதலில் அந்தக் கைதான் வலித்தது. பிறகு தோள், இடுப்பு, முழங்கால் என்று இடம் மாறி மாறிப் போய், கடைசியில் உடம்பு முழுக்க வலி குடியேறிவிட்டது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி இருந்தாள். வேலையை விட்டாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். தெகுயின் அக்கா மட்டும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தாள். "ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டுறா."

அதன் பிறகு மியாவ்ஃபென் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். படுக்கையை, வெளியூர் போய்விட்ட மகனின் காலி அறைக்கு மாற்றினாள்.

"ஏன்டி?"

"நீ குறட்டை விடுற கிழவா."

"இருபத்தெட்டு வருஷமா விடுறேன்!"

"அதான், போதும்னு தோணிடுச்சு."

தெகுய் சிரித்துவைத்தான். ஆனால் கடைத்தெருவில் அவள் தோளில் கை போட்டபோது அவள் சட்டென்று விலகியது அவன் மனதைவிட்டு அகலவில்லை.

வசந்தத்தில், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு, சீன வைத்தியமும் மேல்நாட்டு வைத்தியமும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பிரிவுக்கு அவளை அழைத்துப் போனான். டாக்டர் ஔயாங், நாற்பது வயதுப் பெண். பழைய ரிப்போர்ட்டுகளை ஒன்று விடாமல் படித்தாள். நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். பிறகு கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு என்று கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாள். ஒவ்வொரு இடத்திலும் மியாவ்ஃபென்னின் கண்ணில் நீர் கட்டியது.

"இதுக்குப் பேரு ஃபைப்ரோமயால்ஜியா, அக்கா. சதையில புண்ணு இல்ல, அதான் படத்துல தெரியல. வலியைச் சொல்ற நரம்புங்க ரேடியோ மாதிரி சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கு. ஆனா வலி நிஜம்."

"நிஜமா?" என்றாள் மியாவ்ஃபென். கேட்டுவிட்டு, வரிசையில் ஆட்கள் நிற்பதையும் பார்க்காமல் விசும்பி அழுதாள்.

"முழுசாப் போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். குறைக்கலாம்."

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரை. அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிக் கஷாயம். வாரத்தில் இரண்டு நாள் அக்குபங்சர் ஊசி வைத்தியம். தினமும் கொஞ்சம் நடை, மெதுவான உடற்பயிற்சி.

கஷாயத்தை ஆஸ்பத்திரியிலேயே காய்ச்சிப் பாக்கெட்டில் தருவார்கள். தெகுய் சம்மதிக்கவில்லை. மண்சட்டி வாங்கி, பியோனி வேரையும் மற்ற மூலிகைகளையும் ஊறவைத்து, அடுப்படியிலேயே நின்றான்.

"ஊர் ஜனமெல்லாம் நம்ம லுவோயாங்குக்குப் பியோனிப் பூவைப் பார்க்க வருது. உனக்கு மட்டும் அதோட வேரு" என்று கிண்ணத்தை நீட்டினான்.

"பூவை நீ வச்சுக்கோ" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

மாத்திரையால் முதல் வாரம் குமட்டியது. டாக்டர் அளவைப் பாதியாக்கி, மெல்ல ஏற்றினாள். ஒரு மாதத்தில் மியாவ்ஃபென் இடையில் விழிக்காமல் நாலு மணி நேரம் தூங்கினாள். தெகுய்க்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் சீக்கிரம் குணமாகட்டும் என்று, அவள் பிறந்தநாளுக்கு, கை பலத்துக்குப் பேர்போன ஒரு மசாஜ்காரரிடம் கூட்டிப்போனான்.

"நல்லா அழுத்துங்க! வலி கழண்டு ஓடணும்!"

மியாவ்ஃபென் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மறுநாள் அவளால் சீப்பைக்கூடத் தூக்க முடியவில்லை. மூன்று நாள் எழவில்லை.

நாலாம் நாள் டாக்டர் ஔயாங் அவனைப் பிடி பிடியென்று பிடித்தாள். "அண்ணே, இவங்க என்ன உங்க டிராக்டரா, ஸ்பேனர் போட்டு முறுக்க? பூனைக்குட்டி ஏறி நடந்தாலே இவங்களுக்கு வலிக்கும்."

தெகுய் மனைவி பக்கம் திரும்பினான். "அங்கேயே சொல்லியிருக்கலாமே!"

"நீ ஆசையாக் கூட்டிட்டுப் போன. எப்படிச் சொல்றது?" அவள் தன் விரல்களையே பார்த்தபடி இருந்தாள். "தூக்கத்துல உன் கை என் மேல விழும். கத்திடுவேனோன்னு பயம். கத்தினா நீ பாவம், கவலைப்படுவ. அதான் அந்த ரூமுக்குப் போனேன்."

டாக்டர் கணினியில் எதையோ தேடுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும், பஸ் நிறுத்தத்தில் தெகுய் தன் கையை இருவருக்கும் நடுவே பெஞ்சில் விரித்து வைத்தான். வேறொன்றும் செய்யவில்லை. மூன்று பஸ் போன பிறகு அவள் தன் சுண்டுவிரலை அதன்மேல் வைத்தாள்.

"இவ்வளவுதான் முடியும் இன்னிக்கு."

"இதுவே ஜாஸ்தி" என்றான்.

அதிலிருந்து அவன் கேட்காமல் தொடுவதில்லை. கோடையில் விடியற்காலையில் ஆற்றங்கரைப் பூங்காவில் இருவரும் கை தூக்கி, மூச்சு விட்டுப் பயிற்சி செய்தார்கள். அவன் எப்போதும் ஒரு அசைவு பிந்தினான், அவள் திட்டினாள். இலையுதிர்காலத்தில் அவள் வாரத்தில் மூன்று நாள், பாதிப் பொழுதுக்குச் சமையலறை வேலைக்குத் திரும்பினாள்.

வலி முழுக்கப் போகவில்லை. முதல் பனி விழுந்த வாரம் மறுபடி வந்து படுக்கையில் தள்ளியது. தெகுயின் அக்கா போன் செய்தாள்.

"என்ன, மறுபடி ஆரம்பிச்சுட்டாளா?"

"ஆமாக்கா, வலிக்குது அவளுக்கு" என்றான் தெகுய். "நெஜமாத்தான் வலிக்குது. நீ வர்றதா இருந்தா சூப் வச்சு எடுத்துட்டு வா. பேசறதுக்கு மட்டும்னா வராதே."

உள்ளே படுத்திருந்த மியாவ்ஃபென்னுக்கு அது கேட்டது. "கிழவா, சூப்புல உப்புக் கம்மியாப் போடச் சொல்லு!" என்று குரல் கொடுத்தாள்.