கிண்ணத்தில் இருந்தது

ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் பற்றவைத்தேன். பால் பொங்கியது, இறக்கினேன். முகம் மழித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காபி ஆறிவிட்டிருந்தது. நின்றபடியே குடித்தேன். கம்பெனி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, கிளம்பிவிட்டேன்.

என் மனைவி கிரேசி இறந்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். அன்னபுஷ்பம் அக்கா வீட்டைத் தாண்டும்போது மட்டும் கால் வேகமெடுக்கும்.

பென்னலூர்ச் சர்ச்சில் அக்கா உட்காருவது கிரேசியின் பக்கத்தில். நற்கருணைக் கிண்ணத்தில் வாய் வைத்ததும் கிரேசிக்கு முகம், கழுத்து எல்லாம் சிவந்துபோகும். கொஞ்ச நேரத்தில் மறையும். "தகுதியில்லாம, அபாத்திரமா குடிச்சா மூஞ்சி காட்டிக் குடுத்துடும்" என்று அக்கா வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். அதன்பின் கிரேசி கிண்ணத்தைத் தொடவில்லை. ஏற்கெனவே இருந்த வயிற்றுப்போக்கு மட்டும் நிற்கவில்லை. இளைத்தாள்.

"நான் இன்னாங்க பாவம் பண்ணேன்?"

எத்தனை முறை கேட்டிருப்பாள்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் கோதண்டராமன், "மது பழக்கம் உண்டா?" என்றார்.

"எங்க வூட்லயா?" என்று கிரேசி சிரித்துவிட்டாள்.

எங்கள் போதகர் ஜெபதாஸ் ஐயர் வார்டுக்கே நற்கருணை கொண்டுவந்தார். கிரேசி தயங்கித் தயங்கிக் குடித்தாள். டாக்டர் அப்போது கட்டிலருகே இருந்தார். அவள் முகத்தையே பார்த்தார்.

"கிண்ணத்துல என்ன?"

"கர்த்தருடைய இரத்தம்" என்றார் ஐயர்.

"அதுக்கு முன்னாடி?"

ஐயர் செருமினார். "திராட்சரசம். நல்லா புளிச்சது."

ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்துச் சோதித்தார்கள். அதுவரை வாழைப்பழம் கூடாது, சோதனை தப்பாகக் காட்டும் என்றார்கள். குடலில் கட்டி. அபூர்வமானது. ஈரலுக்குப் பரவியிருந்தது. அது சுரப்பது இரத்தத்தில் கலந்தால் முகம் சிவக்கும், வயிறு போகும். மது அதைத் தூண்டிவிடும். அறுத்தெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர்.

"அப்போ நான் இல்லியா? கட்டிதானா?" என்றாள் கிரேசி.

"கட்டிதாம்மா."

அன்று தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள்.

அடக்கத்தில் ஐயர், கடைசி மூச்சிலும் அவள் கர்த்தரை அழைத்தாள் என்றார். ஐயர் அப்போது அங்கே இல்லை. நான் இருந்தேன்.

இன்று அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, தெனம் ஓடறியே? கர்த்தரக் கூப்ட்டுக்கினே போய்ட்டாளாமே. குடுத்து வெச்சவ."

நின்றேன். "இல்லக்கா."

"பின்ன இன்னா சொன்னா?"

முனையில் பஸ் ஹாரன் அடித்தது. நான் நகரவில்லை. கிரேசி சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அது கட்டிதானாம்னு அன்னபுஷ்பம் அக்காகிட்ட சொல்லிடுங்க."