மூக்குக்கு முன்னால் ஒரு விரற்கடை

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசை முடிந்ததும் காக்ஸ் டவுன் பெண்களில் பாதிப்பேர் மட்டன் கடைக்கு ஓடுவார்கள். மீதிப்பேர் மாதா கோயில் வாசலில் நின்று யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்று விசாரிப்பார்கள். பிரிஜெட்டும் குளோரியாவும் மட்டும் கோயிலுக்குப் பின்னால் இருந்த பாரிஷ் ஹாலுக்குப் போய், பக்கத்து அறையில் புடவையை மடித்து வைத்துவிட்டு, வெள்ளை கராத்தே உடுப்போடு வந்து நிற்பார்கள். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஆரம்பத்தில் சிரித்த ஊர், சிரித்துச் சிரித்து அலுத்துப்போய் எப்போதோ விட்டுவிட்டது.

ஜோடிப் பயிற்சியில் அடிப்பவள் குளோரியா, தடுப்பவள் பிரிஜெட். அவர்கள் காலேஜ் படித்த காலத்தில் இதே ஹாலில் சிரில் மாஸ்டர் கராத்தே வகுப்பு ஆரம்பித்தார். சேர்ந்த பையன்கள் ஒருத்தனும் பெண்பிள்ளையோடு ஜோடி நிற்கமாட்டேன் என்று விட்டான். அவ்வளவு வீரம். வந்திருந்த பெண்களே இரண்டுபேர்தான். "குளோரியா உயரம், அவ அடிக்கட்டும், நீ தடு. அடுத்த வாரம் மாத்திக்கலாம்" என்றார் மாஸ்டர். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. மாஸ்டர் துபாய்க்குப் போய்விட்டார், பையன்கள் கல்யாணம் பண்ணித் தொப்பை போட்டுவிட்டார்கள். இவர்கள் இருவரும் அதே ஜோடிப் பயிற்சியை அதே பக்கங்களில் நின்று செய்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி பக்கம் இன்னொருத்திக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பயிற்சி முடிந்தால் பிரிஜெட் வீட்டில் காப்பி. அம்மா போனபிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர் என்பதால் மேசைமேல் எப்போதும் ஒரு அட்லஸ் கிடக்கும். அதில் ஜப்பானுக்குக் கீழே, கடலில் எறும்பு போவதுபோல் வரிசையாகச் சில புள்ளிகள். அவற்றில் ஒன்று ஒக்கினாவா, கராத்தே பிறந்த தீவு. அங்கே ஒரு பயிற்சிக்கூடத்தில் ஒவ்வோர் அக்டோபரிலும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இரண்டு வாரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே போக வேண்டும் என்பதுதான் இருவரின் கனவு. குளோரியாவுக்குப் பிரசவம், மாமியாருக்கு ஆப்பரேஷன், மகனுக்குப் பரீட்சை என்று பயணம் தள்ளிப்போனதே தவிர, திட்டம் போடுவது நிற்கவில்லை. என்ன ஊறுகாய் கொண்டுபோவது, பச்சை மீனைத் தட்டில் வைத்தால் என்ன சாக்குச் சொல்வது, குளோரியாவின் குறட்டைக்கு என்ன வழி என்றெல்லாம் பேசித் தீர்த்ததையே திரும்பப் பேசினார்கள். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிரிஜெட்டோடு பேச அந்த வீட்டில் ரேடியோதான் உண்டு. அவள் வாரம் முழுவதும் இந்த ஒரு காப்பிக்காகத்தான் காத்திருந்தாள்.

தொண்ணூற்றெட்டாம் வருடம் குளோரியாவிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. இருவரும் வரலாம் என்று ஒக்கினாவாவிலிருந்தும் பதில் வந்துவிட்டது. ஜோடிப் பயிற்சியைப் பக்கம் மாற்றி மாற்றிச் செய்து காட்ட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

"இனிமே பக்கம் மாத்திப் பழகணும்டி" என்றாள் பிரிஜெட்.

"பழகலாம், பழகலாம். இன்னா அவசரம்" என்றாள் குளோரியா. வாராவாரம் இதையே சொன்னாள்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு மெரூன் ஸ்வெட்டர் வாங்கினார்கள். ஜப்பான் என்றால் பனி என்பது குளோரியாவின் கட்சி. அக்டோபரில் ஒக்கினாவாவில் வியர்த்துக் கொட்டும் என்பது பூகோள டீச்சருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரப்போவதை நினைத்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிறு, காப்பியை ஆற்றிக்கொண்டே குளோரியா சொன்னாள்: "அந்த ஸ்வெட்டரைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். அடுத்த ஜூனுக்கும் ஒதவும். அப்பத்தானே அங்க குளிரு."

சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஜூனில் குளிர்காலம் வரவேண்டுமானால் பூமத்திய ரேகைக்குத் தெற்கே போயாக வேண்டும். வருடம் தவறாமல் கரும்பலகையில் உருண்டை வரைந்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறவள் பிரிஜெட். அட்லஸைப் புரட்டத் தேவைப்படவில்லை. குளோரியாவின் கணவன் கிளிஃபர்டுக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் அண்ணன் இருந்தான்.

"உன் மச்சாண்டார் ஊருக்கா?"

"ம்."

"லீவுக்கா, மொத்தமாவா?"

"மொத்தமா. செப்டம்பர்ல கெளம்பறோம்." குளோரியா தலை நிமிரவில்லை. "ஒவ்வொரு சண்டேவும் சொல்லிடணும்னுதான் வருவேன். நீ அட்லஸைத் தொறந்து வெச்சிட்டு உக்காந்திருப்பே. எனக்கு வாயே வராதுடி."

"அப்ப ஒக்கினாவா?"

கேட்டதும் பிரிஜெட்டுக்கே வெட்கமாகிவிட்டது. குடும்பத்தோடு ஊரைவிட்டே போகிறவளிடம் போய் இரண்டு வாரப் பயணத்தைக் கேட்கிறோமே என்றிருந்தது.

"நீ போ பிரிஜி. எனக்கோசரம் நின்னுடாதே."

பிரிஜெட்டுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகு வந்தது, குளோரியா ஜீவனஹள்ளியில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிப் போனபின், இரண்டு டம்ளர்களைக் கழுவும்போது.

அடுத்த ஞாயிறும் இருவரும் ஹாலுக்கு வந்தார்கள். வராமல் இருந்து இருவருக்கும் பழக்கமில்லை.

"போறதுக்குள்ள உன் பக்கத்தைச் சொல்லிக் குடு" என்றாள் பிரிஜெட். "தனியா போனாலும் ரெண்டு பக்கமும் கேப்பாங்க."

இடம் மாறி நின்றார்கள். குனிந்து வணங்கினார்கள். முதல் அடி முகத்துக்கு நேராக ஒரு குத்து. எத்தனையோ வருடமாகத் தன்னை நோக்கி வந்த குத்துதானே என்று பிரிஜெட் காலை முன்வைத்து, கையை முழுசாக நீட்டினாள். குளோரியாவின் கை தடுமாறி மேலே வருவதற்குள் குத்து அவள் உதட்டில் இறங்கிவிட்டது. வெள்ளை உடுப்பின் கழுத்தில் ரத்தம் சொட்டியது.

"ஏன்டி தடுக்கல?" என்றாள் பிரிஜெட்.

"தடுத்தேன்டி. லேட்டாயிடுச்சு." குளோரியா புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஏன் நிறுத்தல?"

"எதை?"

"கையை. நான் எப்பவும் நிறுத்திடுவேனே. உன் கை மேல வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"என் கை வரும்."

"சில நாள் வராது. உங்கம்மா தவறின மாசம் ஒரு நாள்கூட வரல. சும்மா நின்னுக்கிட்டிருந்தே. நான்தான் உன் மூக்குக்கு முன்னாடி ஒரு விரக்கடையில நிறுத்தி, நிறுத்தி, அடுத்த அடிக்குப் போயிட்டிருந்தேன்."

பிரிஜெட் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, வகுப்பில் பாதிப் பாடத்தில் பேச்சு மறந்து நின்றாள். ஞாயிறு காலை மட்டும் வருகிற ஒவ்வோர் அடியையும் தடுத்துவிடுகிறோம் என்று நினைத்தாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் மீதி நாட்களைத் தள்ளினாள்.

"சொல்லவேயில்லையே நீ."

"இதைப் போய் இன்னான்னு சொல்றது?" குளோரியா அவளைக் கையைப் பிடித்து எழுப்பினாள். பிரிஜெட்டின் முஷ்டியை இரண்டு கையாலும் பிடித்து, வீங்க ஆரம்பித்திருந்த தன் உதட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "குத்தறது அப்புறம் கத்துக்கலாம். மொதல்ல இங்க நிறுத்து. இங்க. இன்னொரு தடவ."

ஆகஸ்டு முழுவதும் அதையேதான் செய்தார்கள். ஒக்கினாவா பேச்சை இருவரும் எடுக்கவில்லை. காப்பி சீக்கிரம் முடிந்தது.

கிளம்புகிற அன்று பிரிஜெட் ஜீவனஹள்ளி வீட்டுக்குப் போய்த் தன் மெரூன் ஸ்வெட்டரையும் குளோரியாவிடம் கொடுத்தாள்.

"இதையும் வெச்சுக்கோ. ஒக்கினாவால அக்டோபர்ல வேர்க்கும்."

"வேர்க்குமா? தெரிஞ்சேதான் வாங்கினியா?"

"தெரிஞ்சேதான்."

குளோரியா ஸ்வெட்டரை மூஞ்சியில் வைத்துக்கொண்டு அழுதாள். வாசலில் டாக்சியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த கிளிஃபர்ட், நேரமாகிறது என்று சொல்ல வந்து, இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனான். பிரிஜெட் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை.

ஒருத்திதான் வருவேன் என்று அவள் ஒக்கினாவாவுக்குத் தெரிவித்தாள். பரவாயில்லை, ஜோடிக்கு இங்கே யாரையாவது நிறுத்துகிறோம் என்று பதில் வந்தது. அந்த யாரோ எங்கே கையை நிறுத்துவார்கள், நிறுத்துவார்களா என்று அவளுக்குத் தெரியாது. பயமாக இருந்தது. இருந்தாலும் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

மறு ஞாயிறு பூசை முடிந்து ஹாலைத் திறந்தாள். உடுப்பை மாற்றிக்கொண்டு தன் பக்கத்தில் நின்று, எதிரே இருந்த வெற்றிடத்தை வணங்கினாள். கைகளைத் தயாராக வைத்துக்கொண்டாள். ஆனால் அவள் பக்கத்தில் முதல் அசைவு என்று ஒன்று கிடையாது. எதிராளி அடித்தால்தான் அவளுக்கு ஆரம்பம். வாசலில் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது. அடி வரவில்லை. அவள் தூக்கிய கையோடு நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு நடந்து குளோரியாவின் பக்கத்துக்குப் போய்த் திரும்பி நின்றாள். தான் நிற்கிற இடத்தை அவள் எதிரில் இருந்து, ஆளில்லாமல், பார்ப்பது இதுதான் முதல் தடவை. காலை முன்வைத்துக் குத்தினாள். தன் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால், கை நின்றது. அதை அவள் அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள்.