திகதி இல்லாத காணிகள்

கிருசாந்திக்கு வாய்க் கொழுப்பு கொஞ்சம் கூட. அதை வாயோடு வைத்திருந்தால் பரவாயில்லை, பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதிய நிரலுக்குள்ளும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள்.

அக்கராயன் ஊருக்கு அங்கால் ஒரு சின்னக் குளம். அதன் தண்ணீரில் வயல் செய்கிறவர்களின் கமக்காரர் சங்கத்துக்கு அவள் ஓர் இணையப் பக்கம் செய்தாள். காணி இலக்கத்தை அடித்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும் திகதி தெரியும். திகதி இல்லாவிட்டால் எதைக் காட்டுவது? எக்கோ என்று எழுதி மேற்கோளுக்குள் எதை வைத்தாலும் திரையில் அப்படியே கொட்டுகிற மொழி அது, நல்லது கெட்டது பார்க்காது. சோதனைக்காக அவள் வைத்த வசனம், "தலைவர் இன்னும் நித்திரை." பிறகு மாற்றலாம் என்று விட்டவள் மறந்தே போனாள்.

விதைப்புக் கூட்டத்தில் பக்கத்தைத் திறந்தார்கள். இன்றைக்குச் சரிவந்தால் சங்கத்தில் நிரந்தர வேலை என்று தலைவர் கனகலிங்கம் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக வேலை தேடி அலைந்தவள் அவள். தலைவர் தன் இலக்கத்தை அடித்தார். பெரிய திரையில் முதல் நாளே தண்ணீர்! அவருடைய மச்சானுக்கு இரண்டாம் நாள். ஆகா, என்ன ஒழுங்கு! கைதட்டினார்கள்.

பிறகு கடைசி வாய்க்காலில் வயல் செய்கிற மீனம்மா வந்து தன் இலக்கத்தை அடித்தார்.

"தலைவர் இன்னும் நித்திரை."

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அடி விசரி, மாத்த மறந்திட்டியே என்று கிருசாந்தி தன்னையே திட்டிக்கொண்டாள்.

மீனம்மா சிரிக்கவில்லை. "அப்ப எனக்குத் தண்ணி எப்ப?" என்று கேட்டார்.

பக்கத்து வயல் வீரகத்தி எழும்பி வந்து அடித்தார். அதே வசனம். அடுத்தவருக்கும் அதே. கடைசி வாய்க்காலின் பதினேழு காணிகளில் ஒன்றுக்கும் திகதி இல்லை. பட்டியல் எழுதிக் கொடுத்தவர் தலைவர்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன பிள்ளை, நக்கலோ?" தலைவரின் முகம் கறுத்தது. "உடன அதை அழி! வேலை வேணுமோ, வேண்டாமோ?"

அழிக்க அரை நிமிடம் போதும். வேலையும் கிடைக்கும். மீனம்மாவின் இலக்கத்துக்கு வெறும் வெள்ளைத் திரைதான் வரும், நாளடைவில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கிருசாந்தி விசைப்பலகையில் வைத்த கையை எடுத்தாள்.

"ஏலாது ஐயா. நீங்கள் திகதியைப் போடுங்கோ, அந்த வசனம் தன்ரபாட்டில மறைஞ்சு போகும்."