இடது சுவரில் தாம்பரம்

பம்மல் மலைச்சரிவில் நாங்கள் வீடு கட்டியபோது பின்பக்கம் பழைய கல் உடைத்த பள்ளம் ஒன்று குறுக்கே வந்தது. மேஸ்திரி துளசிங்கம் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்த மண்ணு கொட்டி ரொப்பறதுக்குப் பதிலா அடியில ஒரு ரூமா வுட்டுடலாம் சார், பின்னாடி யூஸ் ஆவும்" என்றார். அப்படி வந்ததுதான் கீழ் ரூம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. பின்கட்டிலிருந்து பதினோரு படி இறங்க வேண்டும். எட்டு வருடமாக அதில் உடைந்த நாற்காலிகளும் தேங்காய் மட்டையும்தான் குடியிருந்தன.

தொண்ணூற்றொன்றாம் வருடம் மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த என் நாத்தனார், ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய பொம்மை ரயில் கொண்டுவந்தாள். என்ஜின், நான்கு பெட்டி, முழநீளத் தண்டவாளத் துண்டுகள், திருகினால் வேகம் கூடும் ஒரு சின்ன கண்ட்ரோலர். "ஊருக்கெல்லாம் ரயில் ஓட்டறான் எங்கண்ணன், வீட்டுக்கு ஒண்ணு வேணாமா அண்ணி?" என்றாள். என் கணவர் ஜெபசீலன் பீச் தாம்பரம் மின்சார ரயிலில் மோட்டார்மேன். பத்தொன்பது வருட சர்வீஸ். தெருவில் யாராவது "சார் வண்டியிலதான் வந்தோம்" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவர் இரண்டு தோசை கூடச் சாப்பிடுவார்.

ரயிலைக் கீழ் ரூமில் ஓடவிடுவது என்று முடிவானது. பிளான் போடுவது என் வேலை. குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். கிராஃப் தாளும் பென்சிலும் என் கையில் இருக்கும்போது வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது. குடும்பம் முழுக்க விளையாட வேண்டும், ஒருவர் ஓட்ட மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது ஆகாது என்பது என் முதல் விதி. பன்னிரண்டு வயது பெர்சிஸுக்கு ஸ்டூல் போடாமல் கை எட்ட வேண்டும். யாரும் மேஜைக்கு அடியில் தவழ்ந்து நுழையக்கூடாது, என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் மூன்று சுவரையும் ஒட்டி ப வடிவத்தில் மேஜை, நடுவில் நாங்கள். அவர் ஓட்டுகிற லைனின் ஸ்டேஷன்களையே வரைந்தேன். இடது சுவரில் தாம்பரமும் சானடோரியமும். மூலையில் குரோம்பேட்டை ரயில்வே கேட். எதிர்ச் சுவரில் பல்லாவரமும் திரிசூலமும். வலது சுவரில் மீனம்பாக்கம், கடைசியில் பரங்கிமலை.

அவர் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாத்தையும் எதிர்ச் சுவத்துலயே நேரா வெச்சிடேன், பியூலா."

"நேரா வெச்சா அது ரயிலா, துணி காயப்போடற கொடியா? பத்தொம்பது வருஷமா நேரா பாத்து ஓட்டி அலுக்கலையா உங்களுக்கு?"

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மறுத்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை ஒரே தப்பை மூன்று முறை செய்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்பேன். வீட்டில் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு என் பிளான்தான் பெரிதாக இருந்தது.

ஜூன் ஜூலை முழுக்க வேலை நடந்தது. பிளைவுட்டை அவரே அறுத்தார். செய்தித்தாளையும் மைதாப் பசையையும் பிசைந்து திரிசூலம் மலையை நான் எழுப்பினேன். பெர்சிஸ் தீக்குச்சிக்குக் களிமண் தலை வைத்து ஜனங்களைச் செய்தாள், ஏறக்குறைய எண்பது பேர். பிளாட்பாரத்தில் நின்றது பாதி, தண்டவாளத்தைக் கடக்கத் தயாராக நின்றது மீதி. நம் ஊர் ஜனங்களைச் சரியாகத்தான் கவனித்திருந்தாள். அவர் நடக்கும்போதெல்லாம் இடது முழங்கை பட்டு சானடோரியத்து ஜனங்கள் சாய்ந்தார்கள். பெர்சிஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "கண்ணு எங்க வெச்சிருக்கீங்க?" என்று நான் திட்டினேன். அந்த வருடம் அவர் கைபட்டுக் கவிழ்ந்த காபி டம்ளர்களுக்கும் அதே திட்டுதான். ஜூலையில் நடந்த மெடிக்கல் டெஸ்டில் எழுத்து அட்டையின் கடைசி வரிவரை வாசித்துவிட்டு வந்தவர் அவர். கண்ணைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டபின், முதல் வண்டி விட்டோம். அவர் நடுவில் ஸ்டூல் போட்டு கண்ட்ரோலரோடு உட்கார்ந்தார். நான் பரங்கிமலை ஸ்டேஷன் மாஸ்டர். பெர்சிஸ் குரோம்பேட்டை கேட் கீப்பர். பேசக்கூடாது, கொடிதான் காட்ட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். நான் பச்சை ரிப்பனை ஆட்டினேன். வண்டி கிளம்பியது.

மீனம்பாக்கத்தில் நின்றது. திரிசூலத்தில் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அப்போதுதான் குரோம்பேட்டை கேட்டில் ஏழெட்டுத் தீக்குச்சி ஆட்கள் தண்டவாளத்தின் மேல் விழுந்துகிடப்பதைப் பார்த்தேன். பெர்சிஸ் சிவப்பு ரிப்பனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். வண்டி பல்லாவரம் தாண்டியது. அவர் வேகத்தைக் கூட்டினார். அவள் இன்னும் உயரத் தூக்கி ஆட்டினாள். என்ஜின் நேராகப் போய் அந்த ஆட்களைத் தள்ளிக்கொண்டு தடம் புரண்டது.

"வண்டி திரிசூலத்துல நின்னப்போலேருந்து காட்டிக்கிட்டே நிக்கிறேன்பா" என்றாள் பெர்சிஸ்.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "நீ எங்க நின்னே?"

"இங்கயேதான்."

அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஆறடி தூரம்கூட இல்லை. பெர்சிஸை டீ போடச் சொல்லி மேலே அனுப்பினேன். அவள் படியேறி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"எவ்வளவு நாளா?"

"தெரியல. ஒரு வருஷம் இருக்கும்." அவர் கண்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. "நேரா எல்லாம் நல்லாத்தான் தெரியுது. சிக்னல் தெரியுது. ஸ்டேஷன் தெரியுது. ஓரம்தான்... ஓரம் இல்லைன்னுகூடத் தெரியறதில்ல, பியூலா. இருட்டா இருந்தா தெரியும். இது அப்படி இல்ல."

"அதான் எல்லாத்தையும் நேரா வெக்கச் சொன்னீங்களா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு, கேட்காமலே சொன்னார். போன மாதம் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், தலையில் கூடையோடு ஒரு பெண் இடப்பக்கத்திலிருந்து தண்டவாளத்தில் ஏறியிருக்கிறாள். அவள் நடுத் தண்டவாளத்துக்கு வந்தபிறகுதான் இவருக்குத் தெரிந்தது. பிரேக் போடுவதற்குள் அவளே தாண்டிவிட்டாள்.

"அந்தம்மா திரும்பிக்கூடப் பாக்கல. நான்தான் பீச் போற வரைக்கும் நடுங்கிக்கிட்டே போனேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா அன்னிக்கே இறக்கிடுவாங்க. ஏதாவது ஒரு ஆபீஸ்ல நாற்காலி போட்டு ஃபைலை எண்ணச் சொல்வாங்க." பிறகு, "டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டேனே" என்றார். மாணவன் பேசுவது போல இருந்தது.

நான் நல்லவளாக அப்போதே அவரைத் தடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டினால் சமாளிக்கலாமே என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் காட்டி மருந்து போடலாமே என்று நினைத்தேன். மோட்டார்மேன் வீட்டம்மா என்று இருந்து பழகியவள் நானும்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

"சும்மா ஓரம் கொஞ்சம் மங்கலா இருக்குமா இருக்கும். பாத்துடலாம்" என்றேன். எனக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் மனசு ஆறும். "எதிர்ச் சுவத்துல பல்லாவரத்தையே பாருங்க. தலைய திருப்பக்கூடாது. நான் தாம்பரத்துலேருந்து மேஜைய ஒட்டி நடந்து வரேன். எப்ப தெரியறேனோ அப்ப சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பல்லாவரத்தைப் பார்த்தார். வண்டியில் உட்காரும்போதும் அப்படித்தான் உட்காருவாராக இருக்கும். நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக தினமும் காலையில் குரோம்பேட்டையில் தண்டவாளத்தைக் கடக்கிறேன், எனக்கு முன்னும் பின்னும் இருநூறு பிள்ளைகள் கடக்கிறார்கள். வருகிற வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. எவரானாலும் எங்களைப் பார்ப்பார் என்ற நம்பிக்கைதான்.

செருப்பைக் கழற்றிவிட்டு தாம்பரத்தில் நின்றேன். "சரி, வரேன்" என்றேன்.

ஓர் அடி வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெர்சிஸின் ஆட்கள் நின்ற சானடோரியம் வந்தது. இன்னொரு அடி. வலது கையை நீட்டி ஆட்டிக்கொண்டே நடந்தேன். ஆண்டவரே, இப்போது சொல்லிவிடட்டும், இப்போது சொல்லிவிடட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். மேஜை வளைகிற மூலை வந்தது. கேட்டில் நின்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். அவர் கண் திறந்துதான் இருந்தது. இமைகூட அசையவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

"என்ன பியூலா," என்றார், "இன்னும் கிளம்பலையா?"

எனக்கு அழுகைதான் வந்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத்தான் அவர் திரும்பினார். கையைத் தூக்கியபடி நான் குரோம்பேட்டையில் நிற்பதைப் பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ட்ரோலரின் ஒயரை சுவரிலிருந்து பிடுங்கி, ஒழுங்காகச் சுற்றி மேஜையில் வைத்தார்.

"காலையில அஞ்சு பத்துக்கு எனக்கு வண்டி இருக்கு. மேல போய் ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக்கிட்டு வா" என்றார். "எனக்கு ஓரம் தெரியலன்னு இங்கிலீஷ்ல நீயே எழுதிடு. நான் கையெழுத்து போடறேன்."