பாம்புச் செவிக்கு ஒரு பரீட்சை

பல் டாக்டருக்குப் பாம்புச் செவி என்று பட்டம் கொடுத்தது ஊரில்லை, அவரேதான். பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் துளைக்கும் கருவியை ஓட்டுகிறவர். அந்த ரீங்காரத்தைக் கேட்டுக் கேட்டு வேறு யாருக்காவது என்றால் காது மரத்தே போயிருக்கும். இவருக்கோ சாயங்காலம் கூடத்து ஸ்பீக்கர்களுக்கு முன்னால் உட்கார்ந்தால், பாடகி மூச்சை இழுப்பது மட்டுமில்லை, இழுக்கலாமா என்று யோசிப்பதும் கேட்டுவிடும்.

அவர் மனைவி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். கண்ணைச் சோதித்து, பவர் பார்த்து, லென்ஸ் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். அவளுக்கும் பாட்டு என்றால் உயிர். ஆனால் துணி மடித்துக்கொண்டே, கூடவே பாடிக்கொண்டே கேட்க வேண்டும். பல வருஷமாகச் சேர்த்த பாட்டெல்லாம் ஒரு பென் டிரைவில் இருந்தது. ஒருநாள் அதைக் கூடத்து ஆம்ப்ளிஃபயரில் செருகப் போனவளை டாக்டர் பாய்ந்து வந்து தடுத்தார்.

"ஐயய்யோ, அதை இதுல போடாதே! அத்தனையும் எம்.பி.த்ரீ. பாட்டைப் பிழிஞ்சு சாறெல்லாம் போன சக்கை."

"இடத்தை அடைக்காம இருக்கத்தானே சுருக்கறாங்க? காதுக்குக் கேக்காததை மட்டும்தான் எடுக்கறாங்களாமே?"

"உன் காதுக்குக் கேக்காது. என் காதுக்குக் கேக்கும்."

'உன் காதுக்கு' என்றது சுருக்கென்று தைத்தது. அவள் நேரே அடுப்படிக்குப் போய் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நாத்தனார் கணக்கு டீச்சர். அண்ணியும் நாத்தனாரும் கீரியும் பாம்புமாக இருப்பார்கள் என்று உலகம் எதிர்பார்க்கும். இவர்களோ நகமும் சதையும். டாக்டருக்கு வினை வந்தது அந்த வழியாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் லேப்டாப்போடு வந்து இறங்கினாள். ஒரே பாட்டு, இரண்டு பிரதி. ஒன்று அசல், மற்றொன்று அதிலிருந்தே சுருக்கிய எம்.பி.த்ரீ. சத்தம் இரண்டுக்கும் மயிரிழை பிசகாமல் ஒன்று. ஒவ்வொரு தடவையும் எதைப் போடுவது என்பதை, பூவா தலையா பார்த்து நாணயம் முடிவு செய்யும்.

"மொத்தம் இருபது தடவைண்ணா. குருட்டாம்போக்குல சொன்னாலே பத்து வரும். பதினஞ்சு சரியாச் சொன்னா உன் காது நிஜம். இல்லேன்னா அண்ணியோட பென் டிரைவ் கூடத்துக்கு வரும்."

"பதினஞ்சா? இருபதும் சொல்றேன்" என்றார் டாக்டர். திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடச் சொன்னார். இருட்டில்தான் காது விரியும் என்பது அவர் சித்தாந்தம். அவர் நாற்காலிக்குப் பின்னால் டீச்சர் மேஜை போட்டு உட்கார்ந்தாள். அசல் ஓடினால் லேப்டாப் திரை முழுக்க நீலம், சுருக்கியது ஓடினால் மஞ்சள். மாற்றிக் குறித்துவிடக் கூடாதே என்று அப்படி ஓர் ஏற்பாடு.

"முதல்ல ஒரு ஒத்திகை" என்றாள் மனைவி. "இது ஒண்ணு… இது ரெண்டு. எது நல்லாருக்கு?"

கடையில் நாளெல்லாம் அவள் கேட்கிற கேள்விதான். எதற்கும் தலையாட்டுகிற ஆள் வந்து வாய்த்தால், போட்ட லென்ஸைக் கழற்றி அதையே திருப்பிப் போட்டு, "இப்ப?" என்பாள். "இப்பதான் பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். அந்த வித்தையைத்தான் இப்போது நாத்தனாரிடம் கண்ணைக் காட்டிச் செய்ய வைத்தாள். ஓடியது இரண்டு தடவையும் அசல்.

டாக்டர் கண்ணை மூடியபடியே சிரித்தார். "முதல்ல அந்தம்மா கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடினாங்க. இப்ப ஜன்னலைத் திறந்துவிட்டாச்சு. வயலினுக்குப் பின்னால சுவரே தெரியுது!"

டீச்சர் பேனாவைக் கடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினாள்.

பிறகு நிஜப் பரீட்சை. முதல் ஐந்துக்கு டாக்டர் பட்பட்டென்று பதில் சொன்னார். பத்தாவதில், "இன்னொரு தரம் போடு" என்றார். பதினைந்தாவதில் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். முடிவில் டீச்சர் கூட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஒன்பது."

"ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நீ வேற பின்னால உஸ் உஸ்ஸுன்னு மூச்சு விட்டே."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். டீச்சர் விடவில்லை. "அந்த நாணயத்தை உக்கார வச்சிருந்தாலே பத்து எடுத்திருக்கும்ணா."

டாக்டருக்கு முகம் சிவந்தது. மனைவி பக்கம் திரும்பினார். "எங்க, நீ உக்காரு பாப்போம்! இவ ஜாடை காட்டாம நான் காவல் நிக்கறேன்."

அவள் உட்கார்ந்தாள். டாக்டர் தனக்கும் தெரிகிற மாதிரி லேப்டாப்பைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, அவளுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவள் தலைக்கு மேலாகத் தங்கையையும் லேப்டாப்பையும் முறைத்துக்கொண்டிருந்தார். பாட்டு ஓடியது. அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஒப்புக்கு எதையாவது சொல்வோம் என்று நிமிர்ந்தவள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். கணவரின் மூக்குக்கண்ணாடியில், இரண்டு லென்ஸிலும், குட்டிக் குட்டியாக இரண்டு நீலச் சதுரங்கள்.

பிரதிபலிக்காத பூச்சு போட்ட லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "அதெல்லாம் கடைக்காரங்க தந்திரம், ஒரு வித்தியாசமும் தெரியாது" என்று தட்டிக் கழித்தவர் அவர்.

"அசல்" என்றாள்.

அடுத்தது மஞ்சள். "சுருக்கினது."

இப்படியே போயிற்று. எல்லாம் சரியாகச் சொன்னால் சந்தேகம் வரும் என்று பதிமூன்றாவதை மட்டும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள். இருபதுக்குப் பத்தொன்பது.

டாக்டர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ அவளை ஏதோ கோயிலைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இத்தனை வருஷம் இப்படி ஒரு காதை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டா நான் அலட்டிக்கிட்டு இருந்தேன்?" பென் டிரைவைத் தானே கொண்டுவந்து செருகினார். சொல்லிவிடலாம் என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் பார்வை தித்தித்தது. ஒருநாள் அனுபவித்துவிட்டுச் சொல்வோம் என்று இருந்துவிட்டாள்.

அதற்குள் காரியம் கெட்டது. டாக்டருக்குப் பாட்டுக் கேட்கிற கூட்டாளிகள் நாலு பேர் உண்டு. தலைவர் ஒரு வக்கீல். நாலு பேருக்கும் செய்தி போய், அடுத்த ஞாயிறு வக்கீல் வீட்டு மாடியில், கண்ணைக் கட்டி, டாக்டர் வீட்டம்மாவின் காதைப் பரிசோதிப்பது என்று முடிவாகிவிட்டது.

நாத்தனாரிடம் உண்மையைச் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ணாலயே கேட்டிருக்கீங்களே அண்ணி! இப்ப கண்ணைக் கட்டினா?"

வாரம் முழுக்கக் கடையில் மதியச் சாப்பாட்டு வேளையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தாள். கண்டபடி சுருக்கிய பாட்டில் கைதட்டல் எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரிந்தது. அது யாருக்கும் தெரியும். கொஞ்சமாகச் சுருக்கியதில், தலைகீழாக நின்று கேட்டும் ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிறன்று வக்கீல் வீட்டு மாடியில் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வக்கீல் கறுப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நக்கலாக ஆரம்பித்தார். "கண்ணாடிக் கடைக்காரங்களுக்குக் காதுல என்ன வேலைன்னு இன்னிக்குத் தெரிஞ்சுடும்."

பல் டாக்டர் சட்டென்று எழுந்தார். "வக்கீல் சார், நான் இந்தப் பரீட்சைல உக்காந்தவன். இருபதுக்கு ஒன்பது. வெக்கத்தை விட்டுச் சொல்றேன். நீங்க யாராவது ஒருத்தர் முதல்ல உக்காருங்க. அப்புறம் என் வீட்டம்மாவைக் கேளுங்க."

 அந்த ஒன்பதை அவர் ஒருநாளும் வெளியே சொல்ல மாட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒருவருக்குத் திடீரென்று ஜலதோஷம் நினைவு வந்தது. இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வக்கீல் உட்கார்ந்தார். எட்டு.

"இதை நான் ஏத்துக்க மாட்டேன். கேள்வி கேட்ட முறையே தப்பு" என்றார். அடுத்தவர் பன்னிரண்டு எடுத்துவிட்டு ஏதோ கிரீடம் சூட்டின மாதிரி துள்ள, மற்றவர்கள் அவரோடு மல்லுக்கு நிற்க, வந்த விருந்தாளியை எல்லோரும் மறந்துபோனார்கள். அவள் ஓசைப்படாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் காரில் சொல்லிவிட்டாள். "என்னங்க, எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்க கண்ணாடியில கலர் தெரிஞ்சுது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன்."

டாக்டர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, கனிவோடு அவளைப் பார்த்தார். "என்னைத் தேத்தறதுக்காக இப்படிச் சொல்றே. பார்த்துச் சொன்னவ பதிமூணாவதை எப்படித் தப்பு விடுவே?"

"வேணும்னே விட்டேங்க!"

"போதும்மா, ரொம்பத் தன்னடக்கம் உனக்கு."

அதற்கு மேல் என்ன சொல்லியும் எடுபடவில்லை. மறுநாள் காலையிலேயே கிளினிக்கிலிருந்து கடைக்குப் போன் வந்தது. நோயாளி படுக்கிற நாற்காலி மேலே ஏறும்போது புதுசாக ஏதோ முனகுகிறதாம், வந்து கொஞ்சம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். அவளும் போனாள். நாற்காலிக்கு அடியில் குனிந்து, காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றாள்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் டாக்டர்.